மேசை விசிறியில் கட்டிய நூல்

சாப்பிடக் கீழே வருமுன் ஜெயசுதா மவுஸைத் தையல் நூலால் மேசை விசிறியோடு கட்டிவிடுவாள். விசிறி தலை திருப்பும்போதெல்லாம் மவுஸ் நகரும். நகர்ந்தால் மடிக்கணினித் திரையில் அவள் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரியும். ஆள் வேலையில் இருப்பதாகச் சென்னை அலுவலகம் நம்பும். நான் மின் பொறியாளன். அமைப்பில் குறை சொல்ல முடியவில்லை.

செஞ்சியில் எங்கள் வீட்டு மாடியில் வாடகைக்கு இருக்கிறாள். சொந்த ஊர் அவலூர்பேட்டைப் பக்கம். புகார் சொல்லும் வாடிக்கையாளர்களுக்கு அறையிலிருந்தே நாள் முழுக்க எழுத்தில் பதில் தரும் வேலை. யார் திட்டினாலும் "உங்கள் சிரமம் புரிகிறது" என்று எழுதுவாள். அனுப்பிவிட்டுத் திரையைப் பார்த்து, "போடா பன்னாட" என்பாள். ஜன்னலில் கோட்டை மலை தெரியும். வெளிச்சம் கண்ணில் அடிக்கிறதென்று துப்பட்டா போட்டு மூடிவிட்டாள்.

மதியச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் விதிப்படி உண்டு. யாரும் எடுப்பதில்லை. எடுத்தால் புள்ளி மஞ்சளாகும். மஞ்சளில் கிடந்த ஒருத்திக்கு வேலை போனதாக அவர்களுக்குள் பேச்சு.

போன மாதம் நெஞ்சு படபடத்து ஆஸ்பத்திரிக்குப் போனாள். இதயத்தில் கோளாறில்லை, வேலைக் கவலைதான், சாப்பாட்டையும் தூக்கத்தையும் விடாதே என்றார் டாக்டர். அவள் நைனா போனில் கேட்டார்: "ஃபேனு கீழ உக்காந்துக்குனு இன்னாமா டென்ஷன்?"

"ஃபேனுதான் நைனா டென்ஷனே."

உண்மை. கரண்ட் போனால் மடிக்கணினி பேட்டரியில் ஓடும், விசிறி நிற்கும். எச்சில் கையோடு மாடிக்கு ஓடுவாள்.

என் அம்மா இருந்தவரை அவளைத் தினமும் சாப்பிடக் கூப்பிடுவாள். நூலை முதலில் பார்த்த அன்று, "இன்னாடி, மவுச கட்டிப்போட்டு மேய்க்கிறியா?" என்று சிரித்தாளாம். கருமாதி முடிந்தும் நான் வேலை பார்க்கும் ஊருக்குத் திரும்பவில்லை. இப்போது நான் கூப்பிடுகிறேன்.

"அண்ணா, நீங்க இன்ஜினியராச்சே. கரண்ட் போனாலும் ஓடுற மாதிரி ஒண்ணு செஞ்சி குடுங்களேன்."

"செய்யலாம். ஒரு பேட்டரி போதும்."

"எப்போ தர்றீங்க?"

"தர மாட்டேன். அது உன் சாப்பாட்டு நேரம்."

"அம்மாவாட்டமே பேசுங்க" என்று முறைத்துக்கொண்டு போனாள்.

இன்று காலை மேலதிகாரிக்கு எழுதினாள்: மதியம் ஒரு மணி நேரம் நான் இருக்க மாட்டேன். பதிலாக ஒரு கட்டைவிரல் படம் வந்தது.

"சரின்றானா, இருடி உன்னைன்றானா, தெரியலண்ணா. போவட்டும். சோறு ஆச்சா?"

ஆனாலும் நூலைக் கட்டிவிட்டுத்தான் வந்தாள்.

ரசம் ஊற்றும்போது கரண்ட் போனது. தலைக்கு மேலே மாடியில் விசிறிச் சத்தம் அடங்கியது. பாதி எழுந்தாள். படியைப் பார்த்தாள். பிறகு அம்மாவின் ரசச் சட்டியைத் தன் பக்கம் இழுத்து, உட்கார்ந்து, இன்னும் ஒரு கரண்டி ஊற்றிக்கொண்டாள்.