கால் ஊன்றாமல்

மாலை நான்கு ஐம்பது. வீடியோ தொடங்கும் நேரம் அது. அதை மட்டும் யாராலும் மறுக்க முடியாது. மற்றதை நம்பச் சொல்லி நான் யாரையும் கேட்கவில்லை. நடந்தது. எழுதுகிறேன்.

மலையின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் யாராவது போவார்கள். வல்லக்கோட்டையிலிருந்து அதிக தூரமில்லை. ஒரு பக்கம் பாறையும் முள்ளும். மறுபக்கம் இல்லை. கல்லுக்காக வெட்டி எடுத்துவிட்டார்கள். அங்கே சுவர்போல் இறங்கும் பள்ளம். அடியில் பச்சைத் தண்ணீர். குவாரியை மூடிப் பல வருடங்கள் ஆகின்றன.

நானும் மாரிராஜும் சங்கரன்கோவில் பக்கம். ஒரகடத்தில் ஒரே ஆலை, ஒரே லைன். இருவருக்கும் ஒரே வாடகை அறை. எனக்கு வேலை நிரந்தரம். அவன் கான்ட்ராக்ட். அந்த மாதத்தோடு அது முடிகிறது. நீட்டிக்க மாட்டார்கள் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார்.

அவனிடம் ஒரு மலைச் சைக்கிள் இருந்தது. செகண்ட் ஹேண்டில் வாங்கியது. ஷிப்ட் முடிந்து வந்து அறை நடுவில் அதைப் பிரித்துப் பரப்புவான். துடைப்பான். மறுபடி பூட்டுவான். மணாலியில் ஒரு கம்பெனி, உயர மலைப் பாதைகளில் ஆட்களைச் சைக்கிளில் கூட்டிப் போக வழிகாட்டிகளை எடுத்துக்கொண்டிருந்தது. பன்னிரண்டாயிரம் அடிக்கு மேலே. கேட்டது ஒரு வீடியோ. செங்குத்தான கல்பாதையில், அடிவாரத்திலிருந்து உச்சி வரை, ஒருமுறைகூடத் தரையில் கால் ஊன்றாமல் ஏற வேண்டும். இடையில் வெட்டு இருக்கக் கூடாது. அந்த ஞாயிறு இரவு கடைசி.

நான்கு ஞாயிறுகள் முயன்றிருந்தான். ஒவ்வொரு முறையும் கடைசிப் பாறையில் கால் ஊன்றினான்.

நாங்கள் கிளம்பும்போது வீட்டுக்காரர் ஜீவானந்தம் வாசலில் வேன் கழுவிக்கொண்டிருந்தார். அந்த ஊர்க்காரர். நிலம் ஆலைக்குப் போன பிறகு, எங்களைப் போன்றவர்களுக்கு வரிசையாக அறைகள் கட்டி வாடகைக்கு விட்டிருப்பவர்.

"இன்னாபா, இன்னிக்கும் அங்கியா?"

"இன்னைக்கு ஏறிருவேன் அண்ணாச்சி."

"நாலு வாரமா இதான் சொல்லிக்கினு கீற. முருகரே மலைக்கு மயிலு மேல தான் போனாரு. உனுக்கு சைக்கிளு."

"மயிலுக்குக் கியர் கிடையாதுல்லா."

அவர் சிரித்தார். பிறகு கேட்டார்.

"உச்சி வரைக்குமா?"

"உச்சி வரைக்கும்."

அவர் கையில் குழாய் அப்படியே நின்றது. தண்ணீர் மண்ணில் ஓடியது.

அடிவாரத்தில் மாரிராஜ் சீட்டைக் கொஞ்சம் இறக்கினான். டயரில் காற்றைக் குறைத்தான். மஞ்சள் டி-ஷர்ட் போட்டிருந்தான். என் சைக்கிள் இரவல். அதன் கைப்பிடியில் போனைக் கட்டினோம். நான் பின்னால் ஏறிப் படம் எடுக்க வேண்டும். நான் கால் ஊன்றலாம். அவன் ஊன்றக் கூடாது.

"நான் விழுந்தாக்கூட எடுத்துக்கிட்டே இருல. நிப்பாட்டிராத."

பட்டனைத் தொட்டேன். நான்கு ஐம்பது.

முதல் பாதி சரளை. பின்சக்கரம் வழுக்கும். உடம்பை முன்னால் கொடுத்தால் பிடிக்கும், அதிகம் கொடுத்தால் சுற்றும். அவனுக்கு அந்த அளவு தெரிந்திருந்தது. நான் இரண்டு இடத்தில் இறங்கித் தள்ளினேன். கீழே ஆலைகளின் கூரைகள் தெரிந்தன. வண்டிகள் வரிசை வரிசையாக நின்றன. கன்டெய்னர் லாரிகளின் சத்தம் அதுவரை கேட்டுக்கொண்டிருந்தது.

ஒரு வளைவு. அதைத் தாண்டினால் பாறை. வளைவைத் தாண்டியதும் லாரிச் சத்தம் நின்றது.

காற்று திசை மாறியிருக்கும் என்று நினைத்தேன்.

பாறையில் ஒரு கோடு பளபளத்தது. மேலிருந்து கீழ்வரை, அரை அடி அகலம். தண்ணீர் என்று நினைத்தேன். என் டயர் அதன்மேல் ஏறியதும் வாசனை வந்தது. நெய். கோயிலில் விளக்கு எரிந்து அணைந்த பிறகு வருமே, அந்த வாசனை.

அந்த மலையில் கோயில் கிடையாது.

மாரிராஜ் எனக்கு நாற்பதடி மேலே இருந்தான். நல்ல வெயில். சூரியன் அவனுக்கு நேர் எதிரே இறங்கிக்கொண்டிருந்தது.

என் சைக்கிள் லேசானது.

வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அந்த இடத்தில் நான் எப்போதும் இறங்கிவிடுவேன். அன்று இறங்கவில்லை. சமதரையில் போவதுபோல் பெடல் சுற்றியது. கால்கள் தேறிவிட்டன என்று சந்தோஷப்பட்டேன். கொஞ்ச நேரம்.

பிறகு பெடலை நிறுத்திப் பார்த்தேன்.

சைக்கிள் ஏறியது.

முதுகில், இடுப்புக்குச் சற்று மேலே, ஒரு கை.

அகலமான உள்ளங்கை. சூடு. விரல்கள் விரிந்திருந்தன. அழுத்தவில்லை. தாங்கியது. ஏற முடியாதவனை ஏற்றிவிடுகிற கை.

பின்னால் மூச்சு கேட்டது. வயதான மூச்சு.

திரும்பவில்லை. காலை ஊன்றினேன்.

கை எடுக்கப்பட்டது.

என் வலப்பக்கம் சரளை நெரிந்தது. ஒரு கல் உருண்டு கீழே போனது. அதற்கு மேலே இன்னொரு கல். அதற்கும் மேலே இன்னொன்று... யாரோ என்னைக் கடந்து ஏறிப் போனார்கள். யாரும் இல்லை.

மாரிராஜ் கடைசிப் பாறையில் இருந்தான். அவன் கால்கள் வேகமாகச் சுற்றின. டப்பென்று ஒரு சத்தம். செயின் அறுந்தது. பாறையில் விழுந்து, வழுக்கி, என்னருகே வந்து நின்றது.

சைக்கிள் நிற்கவில்லை.

அவன் சட்டை காற்றில் படபடத்தது. முதுகில் ஓரிடம் மட்டும் படபடக்கவில்லை. அங்கே துணி உள்ளே அழுந்தியிருந்தது. ஐந்து மடிப்புகள்.

அவன் திரும்பிப் பார்க்காமல் கத்தினான்.

"ஏலே சங்கரு, தள்ளாதல! கையை எடு! வீடியோல தெரிஞ்சா கழிச்சிருவான்!"

நான் நாற்பதடி கீழே நின்றுகொண்டிருந்தேன்.

"காலை ஊனு மாரி!"

"இன்னும் பத்தடிதாம்ல!"

"அது நான் இல்லடா! ஊனு!"

குரல் தூரத்திலிருந்து வருவது அவனுக்கு அப்போதுதான் புரிந்தது. திரும்பினான். என்னைப் பார்த்தான். தன் முதுகுப் பக்கம் பார்த்தான்.

அவன் என்ன பார்த்தான் என்று எனக்குத் தெரியாது. அந்த முகம் தெரியும்.

இரண்டு பிரேக்கையும் பிடித்தான். சக்கரங்கள் பூட்டிக்கொண்டன. பூட்டிய சக்கரங்களோடு சைக்கிள் பாறையில் தேய்ந்தபடி ஏறியது.

இரண்டு கால்களையும் ஊன்றினான்.

ஷூ தேய்ந்தது.

ஏறியது.

விளிம்பு வந்தது.

அவன் விழவில்லை.

இதைத்தான் போலீசிடம் சொல்ல முடியவில்லை. விளிம்புக்கு அப்பால் தரை இல்லை. சைக்கிள் அங்கேயும் ஏறியது. அதே சாய்வில். கீழே வெறும் ஆகாயம். மேலே, இன்னும் மேலே... பாதை அங்கே தொடர்வதுபோல்.

பிறகு நின்றது.

அவன் முதுகில் மடிப்புகள் கலைந்தன. சட்டை முழுதும் படபடத்தது.

கை எடுக்கப்பட்டது.

அப்போதுதான் விழுந்தான்.

தண்ணீர்ச் சத்தம் வர நேரமாயிற்று.

அன்று இருட்டிவிட்டது என்று தீயணைப்புக்காரர்கள் இறங்கவில்லை. மறுநாள் எடுத்தார்கள். அவன் கிடந்தது பள்ளத்தின் நடுவில். விளிம்பிலிருந்து அத்தனை தூரம் எப்படிப் போனான் என்று எஸ்.ஐ. கேட்டார். வேகமாக வந்து பாய்ந்திருக்கிறான் என்று அவரே பதிலும் சொல்லிக்கொண்டார். வேலை போகிற கவலை என்று எழுதினார்கள். செயின் அறுந்த சைக்கிளில் எப்படிப் பாய்வது என்று கேட்டேன். செயின் தண்ணீரில் விழும்போது அறுந்திருக்கும் என்றார். பாறையிலிருந்து நான் எடுத்துக் கொடுத்த செயின் அவர் மேசைமேல் இருந்தது.

வீடியோவில் எதிர்வெயில். எல்லாம் வெள்ளை. சத்தம் மட்டும் இருக்கிறது. எஸ்.ஐ. இரண்டு முறை கேட்டார்.

"மூணாவது ஆள் யாரு? மூச்சு வாங்குறானே."

நான் சொன்னேன். அவர் எழுதவில்லை.

மாரிராஜின் அக்கா தங்கமாரி வந்து உடலை ஊருக்குக் கொண்டு போனாள். வண்டி கிளம்பும்போது என்னிடம் ஒன்றுதான் கேட்டாள். "நீ பக்கத்துலதானய்யா இருந்த?" ஆமாம் என்றேன். அதற்குப் பிறகு அவள் என்னைப் பார்க்கவில்லை.

ஒரு மாதம் கழித்து அறையைக் காலி செய்தேன். சாவியைக் கொடுக்கப் போனபோது ஜீவானந்தம் சுவரில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டிருந்தார். சாவியை வாங்கவில்லை.

"முதுகுல கை வச்சிதா?" என்றார்.

நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. போலீசைத் தவிர.

அவர் தாழ்ந்த குரலில் சொன்னார். அந்த மலையில் முன்பு கார்த்திகைக்குத் தீபம் ஏற்றுவார்கள். ஒருவர் நெய்க் கொப்பரையைத் தலையில் சுமந்து ஏறுவார். உச்சி போகும்வரை நிற்கக் கூடாது, இறக்கி வைக்கக் கூடாது. பின்னால் ஒருவர் அவர் முதுகில் கை கொடுத்து ஏற்றிவிடுவார். கை கொடுப்பவர் தலை குனிந்தே நடப்பார். உச்சி வரும்வரை கையை எடுக்கக் கூடாது. பரசுராமன் என்பவர்தான் எப்போதும் கை கொடுப்பவர்.

"உச்சிய வெட்டிட்டாங்க. அந்தக் கல்லுதான் நெரவி உங்க கம்பெனிக்குத் தளம் போட்டாங்க. நீங்க நின்னுகினு வேலை செய்றது அதும் மேல தான். உச்சி இல்லன்னு பரசுராமனுக்கும் தெரியும். கீதுன்னு சொன்னாரு. கார்த்திகை அன்னிக்கு என்னக் கூப்ட்டாரு. அந்த வருசம் கொப்பரைய நான் தூக்கினேன்."

"பிறகு?"

"விளிம்புகிட்ட பயந்துட்டேன்பா. குனிஞ்சி கொப்பரைய எறக்கிட்டேன். அவரு தலைய நிமுத்தவே இல்ல. கைய நீட்டினா மாதிரியே என்னத் தாண்டி நேரா போய்க்கினே இருந்தாரு."

"எங்ககிட்ட ஏன் சொல்லல அண்ணாச்சி?"

"சொன்னா கேட்டிருப்பானா உன் கூட்டாளி? வேலை போவப் போவுது. கடைசி நாளு. நீயே சொல்லு."

அவர் சுவரிலிருந்து விலகவில்லை.

"கொப்பரைய எறக்கி வச்சா அந்தக் கை போயிடும்னு நெனச்சேன். போயிட்ச்சி. மறு வருசம் திரும்ப வந்திட்ச்சி. மாடிப்படி ஏறும்போது. கோயில் குளத்தாண்ட நிக்கும்போது. பஸ்சுக்கு ரோட்டோரம் நிக்கும்போது. தள்ளல. சும்மா வச்சிக்கினு கீது. நாம எப்ப கெளம்புவோம்னு."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் பார்த்தார்.

"உனுக்கு எப்ப வந்துச்சி தம்பி?"