கொட்டகலையில் பிறந்த இந்தியப் பிரதிநிதி

கொட்டகலைக்குப் பக்கத்தில், வெள்ளிமேட்டுத் தோட்டத்தில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்த சோலைமலையை ஒரே வாரத்தில் இந்தியனாக்கிய பெருமை இளைஞர் நல்லுறவுக் கழகத்தையே சேரும். அதற்கு முன்னால் அவன் என்னவாக இருந்தான் என்று கேட்டால், அது கொஞ்சம் சிக்கலான கேள்வி. அரசாங்கத்துக்கே பதில் தெரியவில்லை.

நாற்பத்தெட்டில் இலங்கைக்குச் சுதந்திரம் வந்தது. வந்த கையோடு ஒரு சட்டமும் வந்து, தோட்டத்து ஜனங்களைப் பார்த்து, "நீங்களெல்லாம் யார்?" என்று கேட்டது. தேயிலைச் செடியை யாரும் அப்படிக் கேட்கவில்லை. அதுவும் கடல் தாண்டி வந்ததுதான். ஆனாலும் அது சிலோன் தேயிலை என்று பெயர் வாங்கிக்கொண்டு கப்பலேறியது. அதைக் கிள்ளியவர்கள் மட்டும் இந்தியர்களாக நின்றார்கள். சோலைமலையின் அப்பா பொன்னையா அந்தத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில்தான் பிறந்தார். அதே லயத்தில்தான் ஐம்பதாம் வருடம் நெஞ்சுவலி வந்து செத்தார். அடுத்த வருடம் அவர் மனைவி அழகம்மா தனக்கும் மகனுக்குமாகப் பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டாள். மனு போனது. போன இடத்தில் படுத்துத் தூங்கியது.

மனுவில் ஓர் ஓட்டை இருந்தது. சோலைமலை பிறந்த அன்று தோட்டத்து மருந்துக்காரர் ஹட்டனில் ஒரு கல்யாண வீட்டில் இருந்தார். திரும்பி வந்து, பிறப்பைப் பதிய மறந்துபோனார். ஆகையால் சட்டத்தின் கண்ணுக்குச் சோலைமலை பிறக்கவே இல்லை. தோட்டத்தில் வேலை செய்யும் சாட்சிகள் எத்தனை பேர் வந்தாலும் எடுபடாது என்று யூனியன்காரர் செல்லசாமி கைவிரித்தார்.

"ஒங்க ஆளுங்க சொன்னா நம்ப மாட்டாங்க அழகம்மா. வெளியாளு ஒருத்தரு வரணும். சிங்கள ஆளா இருந்தா இன்னும் நல்லது. 'இவனைச் சின்னப் புள்ளையிலேருந்து எனக்குத் தெரியும்'னு ஒரு வார்த்த சொல்லிட்டாப் போதும்."

அப்படி ஒருவன் இருந்தான். குணபால. அவன் அப்பா கினிகத்தேனைக்காரர். கொட்டகலை பஜாரில் சில்லறைக்கடை வைத்திருந்தார். குணபாலவும் சோலைமலையும் கால்சட்டை போடத் தெரியாத வயதிலிருந்தே ரயில்பாதை ஓரத்தில் ஒன்றாகப் புரண்டவர்கள். சோலைமலை சிங்களத்தில் சரளமாகத் திட்டுவான். குணபால தமிழில் அதைவிடச் சரளமாகத் திட்டுவான். ஐம்பத்தெட்டில் தமிழர் மேல் கலவரம் மூண்டு நாடு கொதித்தபோது குணபாலவின் அப்பா கடைப் பலகைகளைச் சாத்திவிட்டு, அழகம்மாவையும் மகனையும் அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் உட்காரவைத்து, வாசலில் தான் உட்கார்ந்துகொண்டார். அதற்காக அவருக்கு யாரும் வகுப்பெடுத்திருக்கவில்லை. அடுத்த வருடம் அவர் காலமாக, கடை குணபாலவின் கைக்கு வந்தது. "விசாரணைக்குக் கூப்பிட்டதும் சொல்லு மச்சான், கடையைப் பூட்டிட்டு வாறேன்" என்று அவன் சொல்லியிருந்தான். அழகம்மாவின் நம்பிக்கை முழுக்க அந்த ஒரு வாய்ச் சொல்லில் தொங்கிக்கொண்டிருந்தது.

இந்த நேரத்தில்தான், அறுபதாம் வருடச் சித்திரை விடுமுறையில், கொழும்பிலிருந்து நல்லுறவு வந்து இறங்கியது.

கலவரத்துக்குக் காரணம் என்ன என்று கொழும்புப் பெரியவர்கள் இரண்டு வருடம் கூடிக்கூடித் தேநீர் குடித்து யோசித்து, இளைஞர்கள் ஒருவரையொருவர் அறியாததுதான் காரணம் என்று கண்டுபிடித்திருந்தார்கள். பெரியவர்கள் ஒருவரையொருவர் நன்றாக அறிந்திருந்ததால் அவர்கள் மேல் குற்றமில்லை. எனவே எல்லா இனத்துப் பிள்ளைகளையும் ஒரு குளிரான இடத்தில் கூட்டிவைத்துச் சகிப்புத்தன்மை சொல்லிக்கொடுப்பது என்று முடிவாயிற்று. வெள்ளிமேட்டுத் துரைமார் கிளப் கட்டடம் சும்மா கிடந்தது. கண்டியிலிருந்தும் காலியிலிருந்தும் சிங்களப் பிள்ளைகள் வந்தார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து தமிழ்ப் பிள்ளைகள், அக்குறணையிலிருந்து முஸ்லிம் பிள்ளைகள், கொழும்பிலிருந்து பறங்கிப் பிள்ளைகள் வந்தார்கள். தோட்டத்துப் பிள்ளைகள் பாத்திரம் கழுவ வந்தார்கள்.

முதல் நாள் சாயங்காலம்தான் கழகச் செயலாளர் முத்துலிங்கத்துக்கு உறைத்தது. தோட்டத்தில் முகாம் நடக்கிறது, தோட்டத்துப் பிரதிநிதி இல்லை. அவர் யாழ்ப்பாணத்தில் பிறந்து கொழும்பில் ஊறியவர். வெள்ளைக் கோட்டு, தங்க மூக்குக்கண்ணாடி, எந்த நேரமும் ஒரு புன்னகை. உடனே பெரிய கிளாக்கருக்கு ஆள் போயிற்று. கிளாக்கர் சோலைமலையைத் தேர்ந்தெடுத்தார். அவன் கெட்டிக்காரன் என்பதற்காக அல்ல. இஸ்திரி போட்ட நீளக் கால்சட்டை அவனிடம்தான் இருந்தது.

சோலைமலை முகாமுக்குள் நுழைந்தபோது குணபால ஏற்கனவே அங்கே இருந்தான். பஜார் வியாபாரிகள் சங்கம் அவனைச் சிங்களப் பிரதிநிதியாக அனுப்பியிருந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்து, அடக்க முடியாமல் சிரித்துக்கொண்டு, இரவு ஒரே அறையில் பாய் போட்டுக்கொண்டார்கள். மற்றப் பிள்ளைகளும் அதிகம் கஷ்டப்படுத்தவில்லை. முதல் நாள் இரவே ஒரு கரம் பலகையைச் சுற்றி எல்லா இனமும் உட்கார்ந்து, எல்லா மொழியிலும் கள்ளாட்டம் ஆடியது. மறுநாள் காலையில் 'பிற இனத்தாரை அஞ்சாதிருப்பது எப்படி' என்ற சொற்பொழிவில் தூங்கி வழிந்தார்கள்.

அன்று மத்தியானம் முத்துலிங்கம் சோலைமலையைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தம்பி, ஒரு சின்னச் சிக்கல். குறை நினைக்காதையும். எங்களுக்குக் காசு குடுக்கிற ஆக்கள், இலங்கைப் பிரசைகள் மட்டும்தான் முகாமிலை இருக்கலாமெண்டு விதி போட்டிருக்கினம். நீர் பிரசையோ?"

"மனுப் போட்டிருக்கோமுங்க ஐயா. விசாரணைக்கு இன்னும் கூப்புடல."

"அப்ப இல்லை."

"நான் இங்கதாங்க பொறந்தேன். அந்தா தெரியுது பாருங்க, மூணாவது லயம்."

"பிறக்கிறதெல்லாம் ஆரும் பிறப்பினம் தம்பி" என்று முத்துலிங்கம் கனிவாகச் சொன்னார். "உம்மை அனுப்ப எனக்கு மனமில்லை. ஒரு வழி இருக்கு. வெளிநாட்டு விருந்தாளியள் வரலாமெண்டு இன்னொரு விதி கிடக்கு. நீர் இந்தியப் பிரதிநிதியா இரும். முகாம் முடியுமட்டும்தான்."

"இந்தியாவ நான் பாத்ததே இல்லீங்களே ஐயா."

"நேருவையும்தான் நான் பாத்ததில்லை. இஞ்சை கேளும். கடைசி நாள் பிரதம விருந்தாளியா வாறவர் ஆர் தெரியுமோ? பிரஜாவுரிமை விசாரணை செய்யிற ஹேரத். எங்கடை ஆள். உம்மைப் பற்றி நான் அவருக்கு ஒரு சொல்லுச் சொன்னால் காணும்."

அந்த ஒரு சொல்லுக்காகச் சோலைமலை தலையாட்டினான். இலங்கைக்காரன் ஆவதற்காகச் சில நாள் இந்தியனாக இருந்தால் என்ன குறைந்துவிடும் என்று நினைத்தான். பாவம், இருபது வயது. படித்தவர்கள் சிரித்த முகத்தோடு சொன்னால் அதில் ஏதோ அர்த்தம் இருக்கும் என்று அவன் நம்பினான்.

அதன் பிறகு அவனுக்கு ராஜ மரியாதை. இந்தியப் பிரதிநிதிக்குச் சாப்பாட்டு மேசையில் தலைமாட்டில் இடம். நேற்றுவரை அவனை "டேய்" என்ற பெரிய கிளாக்கர் நாற்காலியை இழுத்துப் போட்டார். அதே மேசையில், பாத்திரம் எடுக்க வந்த, லயத்தில் பக்கத்துக் காம்பரா வீரம்மா, "என்னடா சோல, ஒடம்புக்கு முடியலியா? ஏன் இங்க ஒக்காந்திருக்க?" என்று கேட்டாள். அவன் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான்.

கடைசி நாள் ஹேரத் ஐயா, சிங்களத்தில் ஹேரத் மாத்தயா, வந்தார். பருத்த உடம்பு, ஈர மனசு. தேசியகீதம் தொடங்கும் முன்பே கைக்குட்டையை எடுத்துவிட்டார். பிரதிநிதிகள் தத்தம் நாட்டையும் ஊரையும் பற்றிப் பேச வேண்டும். சோலைமலை முத்துலிங்கத்திடம் ஓடினான்.

"இந்தியாவப் பத்தி என்னங்க ஐயா பேசுறது?"

"உம்மடை ஊரைப் பற்றிப் பேசும். ஊர் எங்கை இருந்தாலும் ஊர்தானே."

அவன் பேசினான். தனக்குத் தெரிந்த சிங்களத்தில், தனக்குத் தெரிந்த ஊரைப் பற்றி. விடியுமுன் பெரட்டுக்கு ஆள் கூட்டத் தப்பு அடிப்பதைச் சொன்னான். குளிரில் விறைத்த விரலால் கொழுந்து கிள்ளுவதை, காலில் ஏறும் அட்டையை, மழைக்கு ஒழுகும் தகரத்தை, ஒரே காம்பராவில் அடுப்பும் படுக்கையும் பிள்ளைப்பேறும் நடப்பதைச் சொன்னான். மாசி மாதம் காமன் கூத்து வந்தால் மட்டும் இவ்வளவும் மறந்துபோகும் என்று சொன்னபோது அவன் குரல் தழுதழுத்தது. அது நடிப்பில்லை. அந்த மேடையில் அந்த வாரம் முழுக்க நடந்தவற்றில் நடிப்பில்லாதது அது ஒன்றுதான்.

சபை உருகிவிட்டது. முன் வரிசையில் கம்பளிச் சால்வை போர்த்தியிருந்த கொழும்புச் சீமாட்டி ஒருத்தி, "ஒரே அறையில் இத்தனை பேரா? இந்திய அரசாங்கத்துக்கு வெட்கமில்லையா?" என்று உரக்கவே கேட்டாள். அவள் தலைக்குப் பின்னால் ஜன்னல் இருந்தது. ஜன்னலில் மூன்றாவது லயம் தெரிந்தது. அவள் திரும்பவில்லை.

அடுத்தது முத்துலிங்கமே கண்டுபிடித்த சடங்கு. ஒருவரையொருவர் முன்பின் பார்த்திராத இருவர், தூரத் தூர இனத்தவர், சபை முன்னால் முதன்முதலாகக் கைகுலுக்கித் தழுவிக்கொள்ள வேண்டும். இந்தியாவைவிடத் தூரம் வேறெது? "இந்திய இளைஞர் சோலைமலை! சிங்கள இளைஞர் குணபால! இந்த நிமிடம்வரை அந்நியர்கள்!" என்று அவர் மூன்று மொழியிலும் அறிவித்தார்.

குணபால சிரிப்பை விழுங்கிக்கொண்டு வந்தான். தழுவிக்கொண்டபோது காதில், "மச்சான், ஒங்க இந்தியாவில நம்ம கடை இருக்கா? அங்கயாவது பாக்கியக் குடுக்கிறியா?" என்றான். சோலைமலைக்குச் சிரிப்பில் தோள் குலுங்கியது. அவன் அழுகிறான் என்று எண்ணி ஹேரத் மாத்தயாவும் அழுதார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

முத்துலிங்கம் வாக்குத் தவறவில்லை. சோலைமலையை ஹேரத்திடம் கூட்டிப்போய் ஒரு சொல் சொல்லத்தான் செய்தார். "நல்ல பிள்ளை. இந்தியாவுக்கே பெருமை."

விசாரணைக்கு ஆவணியில் ஹட்டனுக்குக் கூப்பிட்டார்கள். குணபால சொன்னபடி கடையைப் பூட்டிவிட்டு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தான். அழகம்மா பஸ்ஸில் வழிநெடுக முருகனைக் கூப்பிட்டுக்கொண்டு வந்தாள். அறைக்குள் போனதும் மேசைக்குப் பின்னாலிருந்து ஹேரத் மாத்தயா எழுந்து நின்றே விட்டார்.

"அடடா, இந்தியப் பிரதிநிதி!"

"மாத்தயா, நான் இந்தியன் இல்லை. நான் பேசியது இந்தக் கொட்டகலையைப் பற்றி" என்று சோலைமலை சிங்களத்தில் சொன்னான். "முத்துலிங்கம் ஐயாதான் அப்படி இருக்கச் சொன்னார். அவரையே கேளுங்கள்."

முத்துலிங்கத்தைக் கேட்க வழியில்லை. அவர் சகிப்புத்தன்மை மாநாட்டுக்காகச் சீமைக்குப் போயிருந்தார். தவிர, அவர் கனவான். சபை நடுவே பொய் சொல்வாரா என்று ஹேரத் திருப்பிக் கேட்டார். அப்போது குணபால முன்னால் வந்தான்.

"மாத்தயா, இவனைச் சின்ன வயதிலிருந்து எனக்குத் தெரியும். ஒன்றாக விளையாடியிருக்கிறோம். கலவரத்தின்போது எங்கள் கடையில்தான் இருந்தார்கள். பொய்யென்றால் என் நாக்கு அழுகட்டும்."

செல்லசாமி சொன்ன அதே வார்த்தை. ஒரு சொல்லும் குறையவில்லை. அழகம்மாவுக்குச் சிங்களம் அரைகுறைதான். ஆனாலும் அந்த வார்த்தை வந்துவிட்டது என்று புரிந்து கையெடுத்துக் கும்பிட்டாள்.

ஹேரத் மாத்தயா குணபாலவைப் பார்த்துக் கைக்குட்டையை எடுத்தார். அவர் கண் நிறைந்தது.

"தம்பி, நீங்கள் இருவரும் முதன்முதலாகக் கைகுலுக்கியபோது நான் முன் வரிசையில் இருந்தேன். என் கண்ணால் பார்த்தேன், கைதட்டினேன். இத்தனை சீக்கிரத்தில், ஓர் இந்தியனுக்காகப் பொய்ச் சத்தியம் செய்யுமளவுக்கு ஒரு சிங்களப் பையனுக்கு அன்பு வந்திருக்கிறதே! இந்த முகாமை வருடாவருடம் நடத்த வேண்டும்."

குணபால கத்தினான். மேசையைத் தட்டினான். பொய்ச் சத்தியத்துக்கு அவனை உள்ளே தள்ளலாம் என்றும், அன்பினால் செய்ததால் மன்னிப்பதாகவும் சொல்லி, ஹேரத் அவன் முதுகைத் தடவிக்கொடுத்தார். பிறகு மனுவில் எழுதவேண்டியதை எழுதிவிட்டு, சோலைமலையின் கையைத் தம் இரண்டு கைகளாலும் பிடித்துக் குலுக்கி, வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

வெளியே தூறிக்கொண்டிருந்தது. குணபால சுவரோரம் போய் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டான். அழகம்மா மகனின் முழங்கையைப் பிடித்தாள்.

"என்னடா சொன்னாரு? மொகம் மலந்து பேசினாரே. வாசல் மட்டும் வந்தாரே."

"நம்மள ரொம்பப் புடிச்சிருக்காம்மா."

"அப்பறம்?"

"இந்தியாவுக்கு அனுப்பிடப் போறாங்க."