கோழித் தவிடும் டாக்டரம்மாவும்

ஜப்பான்காரன் காலத்தில் பினாங்கில் அரிசி கிடைக்காமல் மரவள்ளிக்கிழங்கையே தின்றோம். என் மகளுக்குக் கால் வீங்கியது. மூன்றாம் வகுப்போடு நின்ற எனக்குக் காரணம் தெரியவில்லை, பயந்து அழுதேன்.

கிழங்கே போதுமென்று வானொலியில் சொல்ல ஜப்பான்காரர்கள் ஒரு டாக்டரம்மாவை அழைத்திருந்தார்கள். பாசாரில், அதாவது சந்தையில், வைத்த ஒலிபெருக்கியில் அவரோ, "கிழங்கு மட்டும் தின்னா கால் வீங்கும். கோழிக்குப் போடுற தவிட்டைப் பிள்ளைங்களுக்குக் கொடுங்க" என்றார். பாதியில் குரல் நின்றது. பிறகு அவரைப் பேசவே விடவில்லை.

அன்றே கோழித் தவிட்டைச் சலித்துக் கூழாக்கி மகளுக்குக் கொடுத்தேன்.

"என்னக்கா, பிள்ளைக்குக் கோழித் தீனியா?" என்று பக்கத்து வீட்டுக்காரி சிரித்தாள்.

"ஆமாலா, டாக்டரம்மா சொன்னாங்க. நீயும் குடு" என்றேன்.

சில வாரங்களில் வீக்கம் வற்றியது. அவர் வாயைத்தானே அடைத்தார்கள்? அவர் சொன்னதைப் பாசாரில் நான் சொல்ல ஆரம்பித்தேன். ஜப்பான்காரன் பிடித்துப் போவானோ என்ற பயம் போகவில்லை. பயந்துகொண்டே உரக்கச் சொன்னேன்.