இரண்டு படிவம், ஒரே நோயாளி

பேருந்துப் பணிமனையில் முப்பத்தொரு வருஷம் ஓட்டுநர்களுக்கும் நடத்துநர்களுக்கும் டூட்டி போட்டுக் கொடுத்தவரை எல்லோரும் ‘டூட்டி சார்’ என்றுதான் அழைத்தார்கள். அவர் ஓய்வுபெற்றார், பட்டம் ஓய்வுபெறவில்லை. யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் சரி, ஆளில்லாமல் ஒரு வண்டிகூட நின்றதில்லை என்பது அவர் சரித்திரம். அதை இரண்டு முறை கேட்டவர்கள் தெருவின் எதிர்ப்பக்கமாக நடப்பார்கள்.

அறுபத்தொன்பது வயதில் அவருக்கு ஒரு ஞானம் பிறந்தது. தன் உடம்பும் ஒரு வண்டிதான். என்றைக்காவது நடுவழியில் நிற்கும். அன்றைக்கு யார் கூட்டிப்போவது, நினைவு தப்பினால் யார் முடிவெடுப்பது? ஆஸ்பத்திரியின் முதியோர் பிரிவில் இதையெல்லாம் முன்கூட்டியே எழுதி வைக்கப் படிவம் உண்டு என்று கேள்விப்பட்டு, மனைவியோடு போய்ப் பதிந்தார். இரண்டு படிவம் கொடுத்தார்கள்.

அடுத்த பத்து நாள் சாப்பாட்டு மேசை அவர் ஆட்சியில் இருந்தது. படிவத்தோடு, தன்னைக் கவனித்துக்கொள்ள ஒரு டூட்டி சார்ட்டும் போட்டார்: மகனுக்குத் திங்களும் செவ்வாயும், மகளுக்குச் சனியும் ஞாயிறும், மனைவிக்கு வார விடுப்பே இல்லாமல் ஏழு நாளும். மகனுக்குப் போன் போட்டுச் சொன்னார்.

“அப்பா, உங்களுக்கு இப்ப என்ன ஆச்சு?”

“ஒண்ணும் ஆகலை. ஆகறப்ப உனக்கு செவ்வாய்க்கிழமை.”

“புதன்கிழமை ஆச்சுன்னா?”

டூட்டி சார் சற்றே ஆடிப்போனார். “உங்க அம்மா இருக்காளே” என்று சொல்லிப் போனை வைத்தார்.

நிரப்பிய படிவங்களோடு இருவரும் மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனபோது, நர்ஸ் முதல் படிவத்தைப் பார்த்து மெச்சினார். இரண்டாவதைப் பார்த்ததும் புருவம் தலைமுடியைத் தொட்டது.

“அம்மா, உங்களுக்கு புரோஸ்டேட் வீக்கம்னு போட்டிருக்கே?”

“எனக்கா? அது எங்கே இருக்கு?”

“உங்களுக்கு எங்கேயும் இருக்காதும்மா. அதான் கேக்கறேன்.”

டூட்டி சார் குறுக்கிட்டார். “அது ஆபீஸ் காப்பி. எதையும் ரெண்டு பிரதி எழுதறதுதானே முறை?”

“சார், ரெண்டாவது அம்மாவுக்கு. மேலே அவங்க பேரே இருக்கு பாருங்க.”

பார்த்தார். இருந்தது. பிரதியைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டியவர் பெயர் என்றல்லவா அவர் நினைத்திருந்தார்! இவளுக்கும் உடம்பு என்று ஒன்று இருப்பதும் அது படுக்கக்கூடும் என்பதும் எந்தக் கட்டத்திலும் வரவில்லை.

நர்ஸ் புதுப் படிவம் எடுத்தார். “அம்மாவுக்கு முடியாதப்ப அவங்களுக்காக யாரு பேசறது?”

“நான்தான். வேற யாரு?”

“அப்ப நீங்களே சொல்லுங்க. அம்மா என்ன மாத்திரை சாப்பிடறாங்க?”

“வெள்ளை மாத்திரை.”

“எதுக்கு?”

“பிரஷருக்கு. இல்லை, பிரஷர் எனக்கா, இவளுக்கா?”

“ஒத்துக்காத மருந்து ஏதாவது?”

மனைவியின் முகத்தைப் பார்த்தார். நாற்பத்தொரு வருஷமாகப் பார்த்த முகம், ஒரு துப்பும் தரவில்லை.

“ரெண்டாவது பிரசவத்துல ஆன்டிபயாடிக் ஊசி போட்டு முகமெல்லாம் வீங்கிப் போச்சேங்க” என்றாள் அவள்.

“புள்ளை பெத்தா அப்படித்தான் வீங்கும்னு நினைச்சேன்.”

நர்ஸ் மேசை இழுப்பறைக்குள் எதையோ அவசரமாகத் தேடினார்.

“என் தங்கச்சி பேரைப் போட்டுடறேன்” என்றாள் மனைவி. “அவளுக்கு எல்லாம் தெரியும்.”

“அப்ப என் பேரு?” டூட்டி சார் படிவத்தை எட்டிப் பார்த்தார்.

“கோவிச்சுக்காதீங்க. எனக்கு மூச்சு முட்டறப்ப, இன்னிக்கு யாரு டூட்டின்னு நீங்க சார்ட்டைத் தேடிட்டிருப்பீங்க.”

எத்தனையோ ஓட்டுநர்கள் அவர் முன்னால் கைகட்டி நின்றிருக்கிறார்கள். இன்றைக்கு அவருக்கே கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

அவள் அதைப் பார்த்தாள். பிறகு நர்ஸிடம் ஒரு பென்சில் கேட்டு வாங்கி, அவர் பெயரை எழுதினாள்.

“அடுத்த செக்கப்புக்குள்ள எல்லாத்தையும் ஒழுங்கா ஒப்பிச்சீங்கன்னா, பேனால எழுதறேன்.”

படி இறங்கும்போதே அவர் ஆரம்பித்தார். “அந்த வெள்ளை மாத்திரை, நீளமா இருக்கே அதுவா, உருண்டையா இருக்கே அதுவா?”

“ரெண்டும் உங்களோடதுங்க.”