சத்தம் டீச்சரின் சாக்பீஸ்

எங்கள் பள்ளியில் நான்காம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுப்பவருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் 'சத்தம் டீச்சர்'. அவர் குரல் என்னவோ கிசுகிசுப்புதான். சத்தமெல்லாம் வகுப்பினுடையது. பக்கத்து அறையில் கணக்கு எடுக்கும் எனக்கும் அவருக்கும் நடுவே வெறும் பலகைத் தடுப்பு. அதைத் தட்டித் தட்டி என் விரல் முட்டியே தேய்ந்துவிட்டது.

டீச்சர் பாடம் நடத்த மாட்டார். பெஞ்சுகளை வட்டமாகப் போட்டு, குழு பிரித்து, வேலையைப் பிள்ளைகள் தலையில் கட்டிவிடுவார். ஒரே சட்டம்: குழுவில் சாக்பீஸ் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் பேசலாம். பிறகு அடுத்தவருக்குக் கொடுத்துவிட வேண்டும். சாக்பீஸுக்கு நடக்கும் சண்டை தனிக் கணக்கு.

"எங்க வீட்ல அஞ்சு அக்கா சார், நான் கடைக்குட்டி. நான் வாயத் திறக்கறதுக்குள்ள எல்லாரும் சாப்பிட்டுக் கை கழுவிடுவாங்க" என்று, ஏன் இப்படியொரு சட்டம் என்று நான் கேட்டபோது டீச்சர் சிரித்தபடி சொன்னார்.

நான்தான் புகார் கொடுத்தேன். தலைமையாசிரியர் டீச்சரைக் கூப்பிட்டார். "இன்னிக்கு வந்து பாக்கறேன். சந்தைக்கடையா இருந்தா, நாளைலேர்ந்து பெஞ்சு வரிசையா இருக்கணும். நீங்க படிங்க, பசங்க எழுதட்டும்."

டீச்சர் முகம் வாடிவிட்டது. எனக்குப் பாவமாகத்தான் இருந்தது, ஆனால் புகாரைத் திரும்ப வாங்கும் அளவுக்கு இல்லை.

அன்று ஊர் வரைபடம். குழுவுக்கு ஒரு பகுதியாக வரைந்து தரையில் சேர்த்து வைத்தால், கடைத்தெரு பாதியில் நிற்கிறது, தபால் ஆபீஸ் இரண்டு இருக்கிறது. கூச்சல் கூரையைப் பிய்த்தது. அதிலும் ஒரு குரல் எல்லாவற்றையும் தாண்டி, "தபால் ஆபீஸ் பாலத்துக்கு இந்தப் பக்கம்தான்! நான் அந்தத் தெருவுலயே பொறந்தவன்!" என்றது. தடுப்பைத் தட்டினேன். அடங்கவில்லை. கோபத்தோடு போய் எட்டிப் பார்த்தேன்.

தரையில் மண்டியிட்டுக் கத்திக்கொண்டிருந்தவர் தலைமையாசிரியர்.

"சார், சாக்பீஸ் என்கிட்ட இருக்கு" என்றாள் ஒரு ரெட்டைச் சடைக்காரி. "உங்க முறை வர்ற வரைக்கும் கேக்கணும். தபால் ஆபீஸ அந்தப் பக்கம் மாத்திட்டாங்க. எங்கம்மா அங்கதான் வேலை பாக்கறாங்க."

மனிதர் கப்சிப். சாக்பீஸ் சுற்றிக்கொண்டு அவரிடம் வந்தது. "பெஞ்சு இப்படியே இருக்கட்டும்" என்றவர், அடுத்து நின்ற டீச்சரிடம் அதை நீட்டினார்.

வகுப்பு மொத்தமும் அடங்கி அவரையே பார்த்தது. டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது, பேச்சு வரவில்லை. யாரும் குறுக்கே பேசவில்லை. நானும் வாயை மூடிக்கொண்டு காத்திருந்தேன்.