வெறும் இரும்பு

சரவணைக் கிராமத்தில் எங்கள் வீட்டு வளவுக்குப் பின்னால், பூவரசின் கீழ் நின்ற வைரவர் ஒரு சூலம், அவ்வளவுதான். துருப்பிடித்த இரும்பு. மனிதர் நம்பும்வரைதான் கடவுள் என்று சின்ன வயதிலிருந்தே வாதாடி வந்தவன் நான். அதைக் கும்பிட்டதே இல்லை.

அக்கா கும்பிட்டாள். சண்டைக்காலத்தில் வீட்டை விட்டு வெளிக்கிட்ட அத்தான் திரும்பி வரவில்லை. அன்றிலிருந்து பின்னேரங்களில் விளக்கு வைத்துவிட்டு அந்தச் சூலத்தோடு கதைப்பாள். வேறு யாரிடமும் அத்தானைப் பற்றி அவள் வாய் திறப்பதில்லை.

போன வருடம் லண்டனிலிருந்து வந்த ஊர்க்காரர் சிலர் வைரவருக்குக் கோயில் கட்டத் தொடங்கினார்கள். இந்தியாவிலிருந்து கருங்கல் சிலையும் வந்து இறங்கியது. அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஐயர் மந்திரம் சொல்லிச் சூலத்தின் சக்தியைத் தண்ணீர்க் கும்பத்துக்கு மாற்றினார். பிறகு அதைச் சிலைக்கு மாற்றுவாராம்.

"இனி இது வெறும் இரும்பு. கடல்ல விட்டிடுங்கோ," என்றார்.

அக்கா முன்னால் வந்தாள். "அப்ப நான் இவ்வளவு காலமும் சொன்னதுகள், ஐயா? அதுகளும் கும்பத்துக்குள்ள போயிட்டுதோ?"

ஐயர் கும்பத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார். லண்டனிலிருந்து வந்த கோயில் சபைத் தலைவர்தான் சிரித்தார். "கடவுள் எங்கட நம்பிக்கையிலதானே தங்கச்சி இருக்கிறார். புதுசை நம்பும், அதுக்குள்ள வந்திடுவார்."

என்னுடைய வாதம்தான் அது. அந்த வாயிலிருந்து கேட்டபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஆரின்ர நம்பிக்கை அண்ணை? நீங்கள் லண்டனில இருக்கேக்க இதில விளக்கு வைச்சது ஆர்? நம்பிக்கைதான் எண்டா இந்த வைரவர் இவவின்ர. இவவைக் கேக்காமல் கிளப்ப நீங்கள் ஆர்?"

"நீர் கடவுள் இல்லை எண்டு திரியிற ஆள். உமக்கென்ன தம்பி?"

"ஓம், எனக்கு இல்லை. இவவுக்கு இருக்கு!"

சூலத்தைத் தோளில் தூக்கி வந்து எங்கள் முற்றத்தில், முருங்கைக்குப் பக்கத்தில் நட்டேன். வெட்கங்கெட்ட கூட்டம்! ஒருவர்கூடத் தடுக்கவில்லை. அவர்களுக்கு அது இரும்புதானே.

கும்பாபிஷேகம் மேளதாளத்தோடு முடிந்தது. அக்கா போகவில்லை. முருங்கையடியில்தான் விளக்கு வைத்தாள். ஒருக்கா புதுக் கோயிலைப் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொன்னேன்.

"அந்தச் சிலைக்கு ஒண்டும் தெரியாது தம்பி," என்றாள். "அத்தான் போகேக்க என்ன சேட்டு போட்டிருந்தவர் எண்டதில இருந்து திரும்பச் சொல்லோணும். இனி எனக்கு ஏலாது."