நாகை என்ற எங்கள் ஜப்பானியக் குடும்பப் பெயர்

எங்கள் அண்ணன் அவர்கள் மறைந்து ஓராண்டு ஆகிறது. அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அழுகைக்கு முன்னால் எரிச்சல்தான் வருகிறது. உறவினர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அவர் இருந்தபோதும் எனக்கு அப்படித்தான்.

நாகப்பட்டினத்தில் சொக்கலிங்கம் அவர்களின் மூத்த மகனாகப் பிறந்தார். தங்கையான எனக்குத் திருமணம் முடித்துவைத்த பிறகே தன் வாழ்க்கையைப் பார்த்தார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நியூ ஜெர்சிக்கு வந்தார்; பின்னால் நானும் வந்து சேர்ந்தேன். கல்லூரி மேடைகளில் அவர் பெயருக்கு முன்னால் 'நாகை' என்று சேர்த்து அழைப்பார்கள். அந்தப் பெருமையில், பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கேட்ட இடத்தில் நாகை என்றே எழுதிவிட்டார். நமக்கு ஏது குடும்பப் பெயர்? ஊரே அங்கே அப்பா பெயரைத்தானே போடுகிறது!

"சொக்கலிங்கம்னா அமெரிக்காக்காரன் ஸ்பெல்லிங் கேட்டே உயிரை எடுப்பான்மா" என்றார்.

ஆங்கிலத்தில் Nagai என்று எழுதினால் அது ஜப்பானில் பரவலான குடும்பப் பெயர் என்பது இங்கே வந்த பிறகுதான் தெரிந்தது. டெலிபோன் கம்பெனிக்காரர்கள் ஜப்பானிய மொழியிலேயே பேசி, டோக்கியோவுக்கு மலிவு ரேட் என்றார்கள். இந்தியக் கடைகள் நிறைந்த ஐசலின் ஊர் நகைக்கடையிலோ வேறு கதை. "பேரையே நகைன்னு வச்சிக்கிட்டு டிஸ்கவுன்ட் கேக்கறீங்களே சார்!"

அண்ணனுக்கு இதெல்லாம் கொண்டாட்டம். அவர் ஆபீசிலேயே நகாய் என்று ஒரு ஜப்பானியர் இருந்தார். இவர் தபால் அவருக்கும் அவர் தபால் இவருக்கும் போய்ப் போய் இருவரும் நண்பர்களானார்கள். 'நகா' என்றால் நீண்டது, 'இ' என்றால் கிணறு என்று அவர் சொல்லிக்கொடுத்தார். ஊர்ப் பெயராக இருந்து குடும்பப் பெயரானதாம். எல்லாரும் குடும்பப் பெயர் வைத்தே ஆகவேண்டும் என்று அங்கே ஒரு காலத்தில் அரசாங்கம் உத்தரவு போட, பலர் ஊர், வயல், கிணறு என்று தோன்றியதை வைத்துக்கொண்டார்களாம். "நானும் அதைத்தானே பண்ணேன்!" என்று எந்த விருந்துக்குப் போனாலும் தொடங்கிவிடுவார். அண்ணி எழுந்து சமையலறைக்குப் போய்விடுவார்.

ஆனால் ஊரில் அப்பா? "என் பேரைச் சொல்ல அவனுக்கு வெக்கமாம்மா?" என்று போனில் என்னிடம்தான் கேட்டார். அண்ணனிடம் ஒருநாளும் கேட்கவில்லை. சிட்டிசன்ஷிப் வாங்கும்போதாவது மாத்திக்கோங்கண்ணா என்று கெஞ்சினேன். "பாப்போம்மா" என்றார். எங்கே பார்த்தார்! அவர் மகளோ, "அத்தை, இட்ஸ் மை நேம். ஐ லைக் இட்" என்றுவிட்டாள்.

சென்ற ஆண்டு நெஞ்சுவலி என்று மருத்துவமனைக்குப் போனவர் திரும்பவில்லை. இறுதிச் சடங்கு நடந்த இடத்தில், ஜப்பானிய பௌத்த குருவை வரவழைக்கவா என்று கேட்டார்கள். அந்த நேரத்திலும் எனக்கு அண்ணன்மேல்தான் ஆத்திரம் வந்தது. நகாய் அவர்கள் வந்ததும், பெயரைக் கேட்டுக் குடும்பத்தார் வரிசையில் உட்காரவைத்துவிட்டார்கள். எழுந்திருக்கச் சொல்லப் போனேன். மனிதர் தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தார். அப்படியே திரும்பி வந்துவிட்டேன்.

அந்நாட்களில் எங்கள் வீட்டில் அடுப்பு மூட்ட விடாமல் சாப்பாடு கொண்டுவந்த ஐசலின் நண்பர்களுக்கும், விமான நிலையத்துக்கு ஓயாமல் கார் ஓட்டியவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இந்த நினைவு மலரின் அட்டையைத் திரும்ப அச்சிட்டுத் தந்த அச்சகத்தாருக்கு நன்றியோடு மன்னிப்பும் சொல்ல வேண்டும். அண்ணன் பெயரோடு சொக்கலிங்கம் என்று சேர்த்து முதலில் அச்சிடச் சொன்னது நான்தான். அப்பா மனம் ஆறும் என்று நினைத்து அவரிடமே போனில் சொன்னேன்.

"யாரைக் கேட்டும்மா மாத்தின? அவனைக் கேட்டியா? நாகைன்னே போடு. அழுதார்னியே, அந்த ஜப்பான்காரர், அவர் பேரை நம்ம சொந்தக்காரங்களோட சேத்துப் போடு."